தலைக்குப் பின்னால் நிற்கிற குரல்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அமுதவள்ளிக்கு ஏறிய கோபம் சனிக்கிழமை வரைக்கும் இறங்கவே இல்லை. கோபத்தோடுதான் சமைத்தாள், கோபத்தோடுதான் துணி காயப்போட்டாள், சாமிக்கு விளக்கேற்றும்போதுகூட முணுமுணுப்பு நிற்கவில்லை. வியாழக்கிழமை ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. அவள் புருஷன் லோகன் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் சுடுதண்ணீர் ஊற்றிக் கலந்துகொண்டார். போர்ட் கிள்ளானில் பத்து வருஷமாக லோரி ஓட்டுகிற மனுஷர். எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

எல்லாம் ஒரு வீடியோவால் வந்த வினை. பதினோரு நிமிஷ வீடியோ. போட்டவர் பிரிக்ஃபீல்ட்ஸ் கால்வின்.

காதுக்குள் செருகுகிற விலையுயர்ந்த இயர்போன்களைக் கேட்டுப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதுதான் கால்வினுக்கு வேலை. ஐம்பத்தெட்டு வயது. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர், முப்பது வருஷம் கச்சேரி மேடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் சவுண்ட் பார்த்தவர். இந்த ரக இயர்போனுக்கு ஐ.இ.எம். என்று பெயர். மேடையில் பாடுகிறவர்கள் தங்கள் குரல் தங்களுக்கே கேட்கட்டும் என்று வைத்துக்கொள்வது. இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவர்களும் மாசச் சம்பளத்தைக் கொட்டி வாங்குகிறார்கள். வாங்குமுன் கால்வின் என்ன சொல்கிறார் என்று பார்ப்பார்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் அந்தச் சாமான் படுத்துவிடும்.

அப்படிப்பட்டவர், அமுதவள்ளி தன் கையாலேயே செய்து, கேட்டுப் பார்க்கச் சொல்லி அவருக்கு அனுப்பிய 'அமுது ஆறு' என்ற ஐ.இ.எம்.மைக் கேட்டுவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

"பாடுறவங்க எங்க நிக்கணும்? நம்ம நெத்திக்கு நேரா நடுவுல நிக்கணும். இதுல குரல ரெண்டாப் பிச்சு, தலைக்குப் பின்னாடி கொண்டுபோய் நிறுத்தி வெச்சிருக்காங்க. அடியில வர்ற பாஸ் சத்தம் எங்கயோ ஓடிப் போச்சு. சாரி லா. நம்ம ஆளு செஞ்சதாச்சேன்னு ரெண்டு நாள் கூடவே கேட்டேன். ரெக்கமண்ட் பண்ண முடியாது."

அமுதவள்ளி கையிலிருந்த இடுக்கியைத் தூக்கி எறிந்தாள். அது சுவரில் பட்டு, நாள்காட்டிக்குக் கீழே போய் விழுந்தது.

அவளுக்கு ஏன் எரியாது? காது கேட்காதவர்களுக்கான கருவி செய்கிற ஃபேக்டரியில் பதினைந்து வருஷம் மைக்ரோஸ்கோப்புக்கு முன் குனிந்து குனிந்து கழுத்து தேய்ந்தவள் அவள். மயிர் கனமுள்ள கம்பியை ஈயம் உருக்கி ஒட்டிச் சால்டர் வைப்பதில் அந்த லைனிலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கம்பெனி ஒருநாள் வேறு நாட்டுக்கு மூட்டை கட்டியது. அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. தாமான் செந்தோசா வீட்டின் முன்ஹாலைப் பட்டறையாக்கினாள். சுண்டுவிரல் நுனியளவு கூட்டுக்குள் அரிசி அரிசியாய் ஆறு குட்டி ஸ்பீக்கர்களை அடுக்கிப் பழகினாள். எது முன்னே வர வேண்டும், எது அடங்க வேண்டும் என்று ஒன்றரை வருஷம் கேட்டுக் கேட்டுச் சரிசெய்தாள். பிறகுதான் இருபது ஜோடி செய்து விற்றாள்.

வாங்கிய இருபது பேரும் 'அமுது குடும்பம்' என்று வாட்ஸ்அப் குரூப்பே வைத்துவிட்டார்கள். நாலு மாதமாக அதில் ஒரே பாராட்டு மழை. சூப்பர் லா அக்கா. வேற லெவல் அக்கா. பாட்டு எவ்வளவு அகலமா கேக்குது, பெரிய ஹால்ல உக்காந்த மாதிரி இருக்கு அக்கா. அவள் ஒவ்வொன்றையும் லோகனிடம் வாசித்துக் காட்டினாள். அவரும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அந்தப் பேரைக் கேள்விப்பட்டுத்தான் ஸ்ரீ கெம்பாங்கானில் ஐ.இ.எம். கடை வைத்திருக்கும் லியோங் அவளைக் கூப்பிட்டார். அடுத்த மாதம் முதல் அமுது ஆறைத் தன் கண்ணாடி அலமாரியில், ஜப்பான் சாமானுக்குப் பக்கத்தில் வைப்பதாகச் சொன்னார். அவளுடைய பொருள் ஒரு கடையில் ஏறப்போவது அதுதான் முதல் தடவை. முன்ஹாலில் உட்கார்ந்து என்னமோ பொழுதுபோக்குக்குச் செய்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசுகிற பேச்சு அன்றோடு நிற்கும் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். கால்வின் வீடியோ வந்து அரைமணி நேரத்தில் லியோங்கிடமிருந்து செய்தி: "அமுதா, வெயிட் ஃபர்ஸ்ட் ஆ."

அவ்வளவுதான். சுற்றிவளைக்காத மனுஷர், ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"என்னவாம் அந்த ஆளுக்கு?" என்றார் லோகன்.

"கேபிள மாத்திச் செருகியிருக்கான் அந்த ஆளு! முப்பது வருஷம் சவுண்ட் பாத்தானாம். கிழிச்சான்!"

அவள் சொன்னது வெறும் ஆத்திரப் பேச்சு இல்லை. அமுது ஆறில் கேபிளைக் கழற்றி மாட்டலாம். நுனியில் இரண்டு சின்னப் பின்கள் இருக்கும், ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். கேபிள் நேரான ரகம் என்பதால் எப்படிச் செருகினாலும் உள்ளே போய்விடும். தெரியாமல் ஒரு காதில் மட்டும் மாற்றிச் செருகினால் சத்தம் வராமல் போகாது, அதுதான் வம்பு. ஒரு காது தள்ளுகிறபோது இன்னொரு காது இழுக்கும். நடுவில் நிற்க வேண்டிய குரல் நடுவில் நிற்காமல் கலைந்து பின்னால் போகும், பாஸ் சப்பென்றாகிவிடும். கால்வின் சொன்ன குறை ஒவ்வொன்றும் அச்சு அசல் அதுவே. அப்படி நடக்கக் கூடாது என்றுதான் அவள் ஒவ்வொரு காதுக்கும் போகிற பின் தலையில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்திருந்தாள். புள்ளி வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். இதைப் பெட்டிக்குள் எழுதியும் வைத்திருந்தாள். படிக்கிற பழக்கம் இருந்தால்தானே?

உடனே கால்வினுக்குப் போன் போட்டாள்.

"மிஸ்டர் கால்வின், நீங்க கேபிளக் கழட்டி மாட்டினீங்களா?"

"இல்லம்மா. பெட்டியில வந்தபடியே கேட்டேன்."

"பொய் சொல்லாதீங்க."

"சனிக்கெழம மத்தியானம் நாங்க ஒண்ணா உக்காந்து பாட்டுக் கேக்குற கூட்டம் இருக்கு, சேலைக் கடை மாடியில. வாங்க. நேர்ல பேசலாம்," என்றார் கால்வின். குரலில் சூடே இல்லை. அந்த நிதானம்தான் அவள் கோபத்தை இன்னும் ஏற்றியது.

சனிக்கிழமை அவள் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினாள். பையில் மூன்று சாமான்கள். லியோங்குக்கென்று செய்து வைத்த ஒரு புது ஜோடி, ஒட்டுப் பிரிக்காத பெட்டியோடு. துடைக்க ஸ்பிரிட் பஞ்சு. அப்புறம் கிராஃப் தாள்கள். செய்து முடித்த ஒவ்வொரு காதையும் குட்டி மைக்கில் பொருத்தி அளப்பாள் அவள். எந்தச் சுருதி எவ்வளவு சத்தமாக வருகிறது என்று கம்ப்யூட்டர் ஒரு கோடு போடும். இடது காதின் கோடும் வலது காதின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் படிய வேண்டும். படிந்தால்தான் பெட்டியில் போடுவாள். செய்த எல்லா ஜோடிக்கும் அப்படித்தான் படிந்திருந்தது. "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணிக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள். அந்தப் பெண்மணி இடம் மாறி உட்கார்ந்தார்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பேரங்காடியைக் குறுக்கே கடந்து, துன் சம்பந்தன் சாலையில் அவள் நடந்த நடைக்கு வெயிலே ஒதுங்கி வழிவிட்டிருக்கும். சேலைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஏசி போட்ட ஒரு நீள அறை. நடுவில் மேசை, மேசைமேல் கறிபாப் பலகாரத் தட்டு, அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லார் காதிலும் கம்பி தொங்கியது. ஓர் அறை முழுக்க ஆட்கள் இருந்தும் பேச்சில்லாமல், ஆளாளுக்குக் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். லியோங் ஓரமாக நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் பிரவின். ஷா ஆலமில் வேலை பார்க்கிற பையன், இருபத்தாறு வயது, 'அமுது குடும்ப'த்தில் எல்லாருக்கும் முந்திப் பாராட்டுகிறவன்.

"வாங்கம்மா, உக்காருங்க," என்று கால்வின் எழுந்தார். நரைத்த முடி, மடிப்புக் கலையாத சட்டை.

"உக்கார வரல. என் சாமான எடுங்க."

கால்வின் இழுப்பறையிலிருந்து அமுது ஆறை எடுத்துக் கொடுத்தார். கேபிள் சுற்றியபடியே இருந்தது. அவள் அதைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"எந்தப் பாட்டுல கேட்டீங்க?"

"ஷெர்லி பாடினது. என் வொய்ஃப். நானே ரெக்கார்ட் பண்ணது, அவ குரலும் ஒரு பாஸ் கிட்டாரும் மட்டும். எதக் கேட்டாலும் மொதல்ல இதுலதான் கேப்பேன். வீட்டுல தெனமும் கேக்குற குரல், ஏமாத்த முடியாது."

"போடுங்க அத."

அமுதவள்ளி வலது காதின் பின்னை வெடுக்கென்று உருவினாள், திருப்பினாள், திரும்பச் செருகினாள். பஞ்சால் துடைத்து கால்வினிடம் நீட்டினாள். "இப்பக் கேளுங்க."

கால்வின் காதில் வைத்துக் கண்ணை மூடினார். ஐந்து விநாடி ஆகியிருக்காது, கண்ணைத் திறந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நடுவுக்கு வந்துருச்சு," என்றார் மெதுவாக. "பாஸும் வந்துருச்சு."

"வருமே! வராம எங்க போகும்? எல்லாரும் கேளுங்க. மிஸ்டர் லியோங், யூ ஆல்சோ லிசன்!"

ஒருவர் காதிலிருந்து ஒருவர் காதுக்கு அது போனது. துடைத்துத் துடைத்துக் கேட்டார்கள். ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். லியோங் இரண்டு தடவை கேட்டுவிட்டு, "வா, நைஸ்," என்றார். அமுதவள்ளி கிராஃப் தாள்களை மேசையில் விரித்துப் போட்டாள். கறிபாப் தட்டு ஓரத்துக்குப் போனது.

பிறகு அவள் பேசினாள். மூன்று நாள் அடக்கி வைத்தது, அடைமழை மாதிரி கொட்டியது. கேபிளை ஒழுங்காகச் செருகத் தெரியாதவருக்குக் கேமரா எதற்கு என்று கேட்டாள். வெள்ளைக்காரன் சாமான் என்றால் பத்துத் தடவை திருப்பிப் பார்ப்பீர்கள், கிள்ளான்காரி சாமான் என்றால் காதில் போட்டதும் குப்பையில் போடுவீர்களா என்று கேட்டாள். கடைசியாக, அவளே பின்னால் நினைத்து நினைத்து நாக்கைக் கடித்துக்கொள்ளப்போகிற ஒன்றையும் சொன்னாள்.

"வயசாயிருச்சுன்னா கௌரவமா ஒதுங்கிக்கணும். காது போன மனுஷன் அடுத்தவங்க பொழப்புக்குத் தீர்ப்பு சொல்லக்கூடாது!"

கால்வின் நின்றபடியே இருந்தார். மறுத்துப் பேசுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை.

"நான் கழட்டலன்னுதான் நெனப்பு," என்றார். "ஆனா கழட்டியிருப்பேன் போல. தொடைக்கிறப்ப கழட்டியிருக்கலாம். ஞாபகம் இல்ல. சாரிம்மா. இப்பவே லைவ் வீடியோ போட்டு என் தப்புன்னு சொல்லிடறேன்."

போனைத் தாங்கியில் மாட்டி, விளக்கைத் திருப்பி, அவர் அறையின் மறுகோடியில் நாற்காலியைப் போட்டார். லியோங் எழுந்து வந்து அமுதவள்ளியிடம், "ஓகே லா, நெக்ஸ்ட் வீக் யூ சென்ட்," என்று கை கொடுத்தார். ஜெயித்துவிட்டாள். அந்த நிமிஷம் அவளுக்கு இருந்த திருப்தி இருக்கிறதே, பதினைந்து வருஷ ஃபேக்டரி வாழ்க்கையில் ஒருநாள்கூட அப்படி இருந்ததில்லை.

"அக்கா," என்று பிரவின் பக்கத்தில் வந்தான். "என்னோடதும் கொஞ்சம் பாருங்களேன். நானும் தப்பாச் செருகியிருப்பேனோன்னு பயமா இருக்கு."

அவள் சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தாள். வலது புள்ளி வெளியே பார்த்தது. இடது புள்ளியும் வெளியே பார்த்தது. "சரியாத்தான்டா இருக்கு."

"ஒருவாட்டி கேட்டே சொல்லிடுங்க அக்கா."

அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஃபேக்டரியில் அது சட்டம்: அடுத்தவர் காதுக்குப் போகிற சாமானைச் செய்கிறவள் தன் காதில் வைக்கக் கூடாது. வேலையை விட்டும் அந்தச் சட்டத்தை அவள் விடவில்லை. கேட்டுச் சரிபார்த்ததெல்லாம் முதலில் செய்த தன்னுடைய சொந்த ஜோடியில்தான். விற்ற இருபதையும் மைக்கிடம் கொடுத்தாள், கோடு படிகிறதா என்று பார்த்தாள், பெட்டியில் போட்டாள். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வாள்: "அமுது பெட்டியத் தெறந்தா, உங்க காதுதான் மொதக் காது."

இன்று பிரவினுடையதைத் துடைத்துக் காதில் வைத்தாள். ஷெர்லி பாடினார்.

தலைக்குப் பின்னால் நின்று பாடினார்.

அமுதவள்ளி காதிலிருந்து எடுத்துப் புள்ளிகளை மறுபடி பார்த்தாள். இரண்டும் வெளியே. சரியாகத்தான் இருந்தன. மேசைமேல் கிடந்த கால்வினின் ஜோடியை எடுத்தாள், சற்றுமுன் தன் கையாலேயே திருப்பிச் செருகி எல்லாரையும் கேட்க வைத்த அதே ஜோடி. அதில் வலது புள்ளி உள்ளே பார்த்தது. ஆத்திரத்தில் உருவும்போது புள்ளி எந்தப் பக்கம் இருந்தது என்று அவள் பார்க்கவே இல்லை.

பையிலிருந்த புதுப் பெட்டியின் ஒட்டைக் கிழித்தாள். கேட்டாள். தலைக்குப் பின்னால்.

என்ன நடந்தது என்று அவளுக்கு அங்கேயே, நின்ற இடத்திலேயே விளங்கிவிட்டது. தன் சொந்த ஜோடிக்குப் பிறகு செய்த எல்லாவற்றுக்கும், கேபிள் செருகுகிற புது சாக்கெட் வாங்கினாள். எந்தக் கம்பி எந்த ஓட்டைக்கு என்று இடது காதுக்கு ஒரு படம் போட்டாள். வலது காதுக்குத் தனியாகப் போட சோம்பல்பட்டு, அதே படத்தைக் கம்ப்யூட்டரில் கண்ணாடி மாதிரி திருப்பிக்கொண்டாள். படம் திரும்பியபோது பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறிவிட்டன. அந்தப் படத்தைப் பார்த்து எல்லா வலது காதையும் தப்பாகவே சால்டர் வைத்தாள், ஒன்று விடாமல், படு சுத்தமாக. ஒவ்வொரு காதையும் தனித்தனியாக அளக்கிற மைக்குக்கு அது எப்படித் தெரியும்? தள்ளினாலும் இழுத்தாலும் சத்தம் ஒரே அளவுதான். கோடு படியத்தான் செய்யும். இரண்டையும் சேர்த்து ஒரு மனுஷக் காது கேட்டால்தான் தெரியும். அந்த ஒரு காரியத்தைத்தான் அவள் செய்யவில்லை.

"டேய்," என்றாள் பிரவினிடம். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "நாலு மாசமா இதத்தான் கேட்டியா?"

"ஆமாக்கா."

"குரல் பின்னாடி நிக்கிறது தெரியல?"

பிரவின் தலையைச் சொறிந்தான். "ஏதோ ஒரு மாதிரி இருந்துச்சுக்கா. சரி, இதான் அகலமா கேக்குறதுன்னு நெனச்சேன். குரூப்ல எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க."

"ஒரு மாதிரி இருந்துச்சுன்னு ஏன்டா சொல்லல?"

"நம்ம ஆளு ஒருத்தங்க கஷ்டப்பட்டு மேல வர்றாங்க. அதுல போய் எதுக்குக் கொற சொல்லணும்னு…"

அவளுக்கு வந்ததே கோபம்! அவனைக் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. ஆதரவாம்! இருபது பேர். ஒருத்தன் வாயைத் திறந்து "அக்கா, இது சரியில்ல" என்றிருந்தால் முதல் வாரத்திலேயே சரிசெய்திருப்பாள். இதயம் இதயமாக அனுப்பினார்கள். அதைப் பார்த்துப் பார்த்து அவளும் பூரித்துப்போய், தன் காது என்று ஒன்று இருப்பதையே மறந்தாள். திட்ட வேண்டியது இவர்களை மட்டுமா? தன்னைத்தானே நாலு சாத்து சாத்த வேண்டும்.

அறைக்கோடியில் கால்வின் பேச ஆரம்பித்துவிட்டார். "வணக்கம். புதன்கெழம நான் போட்ட வீடியோவுல ஒரு தப்பு நடந்துருச்சு…"

சும்மா இருந்துவிடலாம். அந்த எண்ணம் வராமல் இல்லை, நன்றாகவே வந்தது. லியோங் கை கொடுத்தாகிவிட்டது. இருபது பேரிடமும் புது மாடல் சாக்கெட் இலவசமாக மாற்றித் தருகிறேன் என்று சொல்லித் திரும்ப வாங்கி, சத்தமில்லாமல் சரிசெய்து கொடுத்துவிடலாம். சந்தோஷமாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். யாருக்கும் தெரியாது. பிரவினுக்குக்கூட இன்னும் முழுசாக விளங்கவில்லை.

"…இந்தத் தொழில்ல இருக்குறவனுக்குக் காதுதான் எல்லாம்," என்று கால்வின் போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "அது என்னை ஏமாத்திருச்சுன்னு நெனைக்கிறேன். வயசும் ஆகுது. அதனால, இனிமே நான்…"

"நிறுத்துங்க!"

அமுதவள்ளி போட்ட சத்தத்தில் லியோங் கையிலிருந்த தேத்தண்ணி சிந்தியது. அவள் விறுவிறுவென்று போய்க் கால்வினுக்கும் போனுக்கும் நடுவில் நின்றாள். முகம் கழுவியிருக்கவில்லை, தலைமுடி ஏசிக் காற்றில் பறந்தது. கேமராவில் எப்படித் தெரிகிறோம் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

"நான்தான் அமுதவள்ளி, இதச் செஞ்சவ. இவரு கேட்டது சரி. சாமான்தான் தப்பு. வலது காத மாத்திச் சால்டர் வெச்சது நான். விக்கிறதுக்கு முன்னாடி ஒருவாட்டி காதுல வெச்சுக் கேக்காதது நான். என்கிட்ட வாங்குன இருபது பேரும் திருப்பிக் கொண்டாங்க, சரி பண்ணித் தர்றேன். இன்னொண்ணும் சொல்றேன். சூப்பர் சூப்பர்னு எழுதுனீங்களே, ஒருத்தருக்குக்கூடவா உண்மையச் சொல்ல வாய் வரல? உங்க சூப்பர நீங்களே வெச்சுக்குங்க!"

போனை அவளே அணைத்தாள்.

கால்வின் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் நிம்மதியாகச் சிரிப்பார், பரவாயில்லைம்மா என்பார் என்றுதான் அங்கிருந்த எல்லாரும் நினைத்தார்கள். அவர் நாற்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளினார். அது கோபம் என்று அவளுக்குக் கிட்டத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"கால் மணி நேரம்," என்றார். "கால் மணி நேரமா என் காது போச்சுன்னு நெனச்சிட்டு இருக்கேன். தெரியுமா உனக்கு? கழட்டலன்னு எனக்கு நல்லாத் தெரியும். நீ கத்துன கத்துல என் ஞாபகத்தையே நான் நம்பல. ஷெர்லி குரல் எங்க நிக்கும்னு எனக்குத் தெரியாதா? தெரியாதா?" கடைசி வார்த்தையில் குரல் உடைந்து கீச்சென்று ஏறியது. "இன்னிக்கோட சேனல மூடிடலாம்னு உக்காந்தேன். காது போன மனுஷன்னு சொன்னியே, எத்தன பேர் முன்னாடி சொன்ன!"

"மன்னிச்சிருங்க அண்ணே," என்றாள். அது அவளுக்கே போதாது என்று தெரிந்தது. அவரும் அதை வாங்கிக்கொண்டதாகக் காட்டவில்லை.

லியோங் மெல்லத் தன் பையை எடுத்தார். "யூ ஃபிக்ஸ் ஃபர்ஸ்ட், அமுதா. ஆல் ஆஃப் தெம். தென் வீ டாக்," என்றார். எப்போது பேசலாம் என்று சொல்லவில்லை. படியிறங்கிப் போய்விட்டார். கண்ணாடி அலமாரி போயிற்று. ஜப்பான் சாமானுக்குப் பக்கத்து இடமும் போயிற்று. தன் வாயால்தான் போயிற்று என்று நினைத்தாள். ஆனாலும் சொன்னதைத் திரும்ப விழுங்க வேண்டும் என்று தோன்றவில்லை.

மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். பிரவின் தன் ஜோடியை மேசையில் வைத்துவிட்டு, "வர்றேன் அக்கா," என்று யாரையும் பார்க்காமல் சொன்னான். அவள் மூன்று ஜோடியையும் பையில் போடப் போனாள்.

"அத வை," என்றார் கால்வின்.

அவள் திருப்பிச் செருகிய ஜோடியை எடுத்து, தானே துடைத்து, காதில் வைத்துக்கொண்டார். "பேசாத. கேக்கணும்."

பாட்டு முழுக்கக் கேட்டார். கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து கேட்டார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். கீழே சாலையில் பஸ் ஹாரன்கள் மாறி மாறி அடித்தன. கடைசியில் அவர் ஒரு காதை மட்டும் எடுத்தார்.

"ஷெர்லிதான். நடுவுல, நேரா நிக்கிறா. கிட்டாரும் நல்லா இருக்கு." இன்னொரு காதையும் எடுத்தார். "ஆனா 'ச' எழுத்து வர்ற எடத்துல காதக் குத்துது. வீட்டுல அவ அப்படிப் பாடமாட்டா."

அமுதவள்ளிக்குச் சுர்ரென்று ஏறியது. இவ்வளவு நடந்த பிறகும் ஏறியது. "எங்க குத்துது? கிராஃப்ல அந்த எடம் எவ்வளவு சுத்தமா இருக்கு, பாருங்க!"

"கிராஃபச் சுருட்டி வை. கேளு."

அவள் வாங்கித் துடைத்துக் காதில் வைத்தாள். முதல் வரியில் ஒன்றும் இல்லை. 'இல்லையே' என்று சொல்ல வாயெடுத்தாள். இரண்டாவது வரியில் குத்தியது. ஊசி முனையளவுதான், ஆனால் குத்தியது. ஒன்றரை வருஷம் கேட்டுக் கேட்டுச் செய்தும் அவள் காதில் விழாத ஒன்று, அந்தக் கிழவர் காதில் விழுந்திருந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்து, கிராஃப் தாளைக் கவிழ்த்துப் போட்டாள்.

"வேற என்ன?" என்றாள் கோபமாகவே. "ஒண்ணு விடாம சொல்லுங்க."